ஆறாவது மகனும் இளவரசர், நாலாவது மகனும் இளவரசர்: ச்சிங் அரண்மனைத் தொடர்களின் தமிழ் சப்டைட்டில் எப்படி?

1846-ல் சீனப் பேரரசர் தாவ்குவாங் ஒரு தாளில் இரண்டே செய்தி எழுதிப் பெட்டிக்குள் வைத்து முத்திரை போட்டார். ஆறாவது மகன் ஈஷினுக்கு 'ச்சின்வாங்' என்ற அரசகுலப் பட்டம். நாலாவது மகன் ஈஜுவுக்கு அரியணை. 1850-ல் அவர் கண்மூடியதும் பெட்டியைத் திறந்தார்கள். சீனாவின் கடைசி அரச வமிசமான ச்சிங்கின் கதை எடுக்கிறவர்களுக்கு விட்டுவிட மனசு வராத கட்டம் இது. தமிழ் சப்டைட்டில் போட்டுக்கொண்டு பார்த்தால் ஆறாவது மகனும் இளவரசர், நாலாவது மகனும் இளவரசர். இரண்டு பேருக்கும் ஒரே பதவி கிடைத்திருக்கும்போது ஒருத்தர் முகம் மட்டும் ஏன் சுண்டிப்போகிறது என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் சொல்வதற்குப் பதில் இல்லை.

இங்கே மதிப்பிடுவது, சீனத் தொடர்களுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தானியங்கித் தமிழ் சப்டைட்டில். வீடியோவின் ஓரத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தட்டி, சப்டைட்டில், தானியங்கி மொழிபெயர்ப்பு, தமிழ் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் ஓடுகிற வரிகள். பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துப் பார்க்கிற வீடுகளுக்கு இதுதான் வழி. சண்டை, சமையல், மருந்து, காதல் என்று போகிற காட்சிகளுக்கு 5-க்கு 3 தாராளமாகக் கொடுக்கலாம். பட்டம், உறவுமுறை, பெயர் என்று வந்துவிட்டால் 1 கூடத் தேறாது. ச்சிங் அரண்மனைத் தொடரில் பாதிக் கதை பட்டமும் உறவுமுறையும்தான்.

கோளாறு தமிழில் இல்லை. இந்த வரிகள் பெரும்பாலும் சீனத்திலிருந்து நேராக வருவதில்லை. ஆங்கில சப்டைட்டிலை எடுத்துத் தமிழாக்கிய வரிகள். சீனத்தில் தெளிவாக இருக்கிற வேறுபாடு தமிழிலும் இருக்கிறது, நெல்லைப் பக்கத்துப் பேச்சில் இன்னும் துல்லியமாக இருக்கிறது. நடுவில் ஆங்கிலத்தில் 'பிரின்ஸ்' என்ற ஒரே சாக்கில் நாலைந்து சரக்கை அள்ளிப் போட்டுத் தைத்துவிட்டார்கள். இங்கே வந்து பிரித்தால் எது எந்தச் சரக்கு என்று தெரிவதில்லை.

முதலில் 'இளவரசர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் இளவரசர் என்றால் அடுத்து ஆளப் போகிறவர். ச்சிங் அரண்மனையில் 1723-க்குப் பிறகு ஊரறிய அப்படி ஒருவர் கிடையாது. காங்ஷி பேரரசர் தன் மகன் யின்ரெங்கை வாரிசு என்று அறிவித்து, 1708-ல் நீக்கி, 1709-ல் திரும்பச் சேர்த்து, 1712-ல் மறுபடியும் நீக்கினார். மற்ற மகன்கள் ஆளுக்கொரு கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். அதைக் கூடவே இருந்து பார்த்த இன்னொரு மகன் யோங்ஜெங், தான் பட்டத்துக்கு வந்ததும் ஓர் ஏற்பாடு செய்தார். வாரிசின் பெயரை எழுதி மூடி, சியான்சிங் மாளிகையில் உயரத்தில் தொங்கும் எழுத்துப் பலகைக்குப் பின்னால் வைக்க வேண்டும். இன்னொரு படி பேரரசரிடம் இருக்கும். அவர் இறந்த பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பெயர் வெளியே வரும். அதனால் இந்தத் தொடர்களின் முடிச்சே 'இளவரசர் யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது' என்பதுதான். சப்டைட்டில் முதல் காட்சியிலேயே எட்டுப் பேரை இளவரசர் என்று கூப்பிட்டு முடிச்சை அவிழ்த்துப் போட்டுவிடுகிறது. போதாததற்கு அறுபது வயதில் வெள்ளைத் தாடியோடு வருகிறவரும் இளவரசர்.

பேரரசரின் மகனாகப் பிறந்தால் மட்டும் பட்டம் வந்துவிடாது. அதுவரை அவர் வெறும் 'ஆகே': மூன்றாவது ஆகே, நாலாவது ஆகே. நம் ஜமீன் ஊர்களில் மூத்த துரை, இளைய துரை என்று சொல்வதற்கு ஒத்த சொல். பட்டம் என்பது அப்பாவோ, அவருக்குப் பின் வந்த அண்ணனோ தம்பியோ கொடுத்தால்தான் உண்டு. கொடுப்பதிலும் படி இருக்கிறது.

படிகள் பன்னிரண்டு. முதல் படி ஹோஷோ ச்சின்வாங்: ஆண்டுக்கு 10,000 தேல் (சீன எடை அளவு) வெள்ளி. இரண்டாவது தோரோ ஜுன்வாங், 5,000. மூன்றாவது பெய்லே, 2,500. நாலாவது பெய்ஸே, 1,300. ஐந்தாவது ஜென்குவோ கோங், 700. ஆறாவது ஃபூகுவோ கோங், 500. வெள்ளி ஒரு தேலுக்கு ஒரு ஹூ அளவு அரிசியும் சேர்த்து வரும். இந்த ஆறு படியோடு 'எட்டு மரியாதை' என்ற கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. ஊதா நிறக் கடிவாளம், சிவப்புச் சக்கரம் மாதிரியான அடையாளங்கள் அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்குத்தான். ஏழாவது, எட்டாவது படியில் அதே கோங் பெயர்கள் திரும்ப வரும், ஆனால் 'எட்டு மரியாதைக்குள் சேராத' என்ற அடைமொழியோடு. அதற்குக் கீழே நாலு படியும் 'ஜியாங்ஜுன்' என்று முடியும். கடைசிப் படிக்குச் சம்பளம் 110 தேல்.

இதில் பெய்லே, பெய்ஸே இரண்டும் ச்சிங் வமிசத்தாரின் மொழியான மஞ்சுச் சொற்கள். பெய்லே என்றால் தலைவன். பெய்ஸே அதன் பன்மை. ஒருமையும் பன்மையும் பிற்பாடு தனித்தனிப் படியாகிவிட்டன. நம்மூரில் 'துரை' ஒரு படி, 'துரைமார்' அதற்கு அடுத்த படி என்று வைத்தால் எப்படியோ அப்படி. இவற்றை மொழிபெயர்க்க முயலாமல் அப்படியே விடுவதுதான் நல்லது. சப்டைட்டில் சில சமயம் இவர்களையும் இளவரசர் ஆக்குகிறது, சில சமயம் 'பிரபு' என்கிறது. ஒரே ஆள் ஒரே காட்சியில் இரண்டாகவும் வருவார். கோங் என்றால் 'டியூக்'. ஜியாங்ஜுன் என்றால் 'தளபதி', இது ஆளைக் குழியில் தள்ளுகிற மொழிபெயர்ப்பு. இங்கே ஜியாங்ஜுன் வெறும் பட்டம், பின்னால் படை எதுவும் கிடையாது. 'தளபதி வந்துவிட்டார்' என்ற வரியைப் பார்த்துப் போர் வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், வந்தவர் சம்பள பாக்கி கேட்டுக்கொண்டிருப்பார்.

'சிற்றரசர்', 'குறுநில மன்னர்' என்று போட்டால் சரியாகுமே என்று சிலர் கையாலேயே திருத்தி வைக்கிறார்கள். அதுவும் ஆகாது. ச்சிங்குக்கு முன்னால் ஆண்ட மிங் காலத்து 'வாங்' பட்டக்காரர்களுக்கு நாட்டின் பல மூலைகளில் இருப்பிடம் இருந்தது. ச்சிங் ஆட்சியில் அந்தக் கதையே வேண்டாம் என்று எல்லோரையும் தலைநகரிலேயே குடிவைத்தார்கள். பண்ணைகளிலிருந்து வருமானம் உண்டு; ஆளுவதற்கு நிலம் இல்லை. அனுமதி இல்லாமல் பெய்ஜிங்கை விட்டு வெளியூர் போகவும் முடியாது. குடியிருக்கும் மாளிகைகூடச் சொந்தம் இல்லை, பட்டத்தோடு வந்து பட்டத்தோடு போவது. ஹெஷென் என்ற அமைச்சர் கட்டிய மாளிகை ஒன்று, 1799-ல் அவர் சொத்து பறிமுதலான பிறகு யோங்லின் என்ற அரசகுலத்தவர் கைக்கு வந்தது. பேரன் ஈகுவாங் காலத்தில் பட்டம் ஜியாங்ஜுன் படிக்கு இறங்கியிருந்ததால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி, 1851-ல் அதைக் கோங் ச்சின்வாங் ஈஷினுக்குக் கொடுத்துவிட்டார்கள் (இந்தக் 'கோங்' பட்டத்தின் அடைச்சொல், மேலே சொன்ன கோங் படி இல்லை). இப்போது பெய்ஜிங்கில் அருங்காட்சியகமாக இருப்பது அதே மாளிகைதான்.

பட்டம் இறங்குவது என்று சொன்னோம். சப்டைட்டில் கோட்டை விடுகிற பெரிய இடம் அதுதான்.

எட்டயபுரம், சிவகிரி, ஊற்றுமலை, சிங்கம்பட்டி என்று ஜமீன் கதை கேட்டுப் பழகிய காதுக்கு வாரிசுமுறை ஒன்றுதான்: ஜமீனைப் பாகம் பிரிக்க முடியாது, மூத்தவருக்கு முழுதும் போகும், இளையவர்களுக்கு ஜீவனாம்சம். 1904-ல் சென்னை மாகாணம் அதற்கென்று சட்டமே போட்டது. அப்பா ஜமீன்தார் என்றால் மகனும் அதே ஜமீன்தார், பட்டம் தேய்வதில்லை. தேய்ந்ததெல்லாம் கடனாலும் கோர்ட்டு வழக்காலும். 1948 சட்டம் ஜமீனை ஒழித்த பிறகும் பெயர் நின்றது. சிங்கம்பட்டியின் முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல் மறையும் வரை, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தய்யனார் கோவிலில் ராஜ உடையில் அமர்ந்து காட்சி கொடுத்ததைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ச்சிங் முறை இதற்கு நேர்மாறு. ச்சின்வாங் இறந்தால் வாரிசு ஜுன்வாங். அவர் வாரிசு பெய்லே. அடுத்தவர் பெய்ஸே. அதற்கும் அடுத்தவர் ஜென்குவோ கோங், அங்கே வந்துதான் இறக்கம் நிற்கும். சம்பளக் கணக்கில் பாருங்கள்: 10,000, 5,000, 2,500, 1,300, 700. கொள்ளுப்பேரனின் மகன் கைக்கு வருவது நூற்றுக்கு ஏழு. ஜுன்வாங்கில் தொடங்கிய வீடு ஃபூகுவோ கோங்கில் நிற்கும். இது வாரிசாக வருகிற ஒரு மகனுக்கு மட்டும். மற்ற மகன்கள் இருபது வயதானதும் தேர்வு எழுதினால்தான் ஏதாவது கிடைக்கும்: குதிரை மேலிருந்து வில், தரையில் நின்று வில், மஞ்சு மொழிபெயர்ப்பு. மூன்றிலும் நன்றாகச் செய்தால் உரிய படி. சறுக்கினால் படி இறங்கும். மூன்றும் மோசம் என்றால் பட்டமே இல்லை. அரண்மனைத் தொடரில் ஒரு பையன் வில்லை வளைக்கத் திணறுகிற காட்சி வந்தால் அது வீர விளையாட்டு இல்லை, அவன் ஆயுளுக்குமான சம்பளம். 'இளவரசர் பயிற்சி செய்கிறார்' என்று சப்டைட்டில் அதைத் தாண்டிப் போய்விடும்.

இந்த இறக்கத்துக்குத் தப்பிய வீடுகள் பன்னிரண்டு. அவர்களைத்தான் 'இரும்புத் தொப்பி' என்பார்கள். முதல் எட்டு, வமிசத்தை நிறுவிய போர்களில் நின்றவர்கள்: லீ, ஜெங், ரூயி, யூ, சூ, ஜுவாங் என்ற ஆறு ச்சின்வாங் வீடுகள், கெச்சின், ஷுன்செங் என்ற இரண்டு ஜுன்வாங் வீடுகள். 1778-ல் சியான்லோங் பேரரசர் இந்த எட்டையும் நிரந்தரமாக்கினார். செத்த பிறகு 1651-ல் பட்டம் பறிக்கப்பட்ட தோர்கோனின் ரூயி பட்டம் திரும்பக் கிடைத்ததும் அப்போதுதான். பின்னால் சேர்ந்த நாலு: ஈ, கோங், சுன், ச்சிங். கடைசி வீட்டுக்கு நிரந்தரம் கிடைத்தது 1908-ல். சப்டைட்டிலில் 'இரும்புத் தொப்பி இளவரசர்' என்று சரியாகத்தான் வருகிறது. விளக்கம் இல்லாததால் தலையில் இரும்பு எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது.

நிரந்தரம் என்பது வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. 1861 நவம்பரில் ஷியான்ஃபெங்கின் (அரியணை ஏறிய ஈஜுவின் ஆட்சிப் பெயர்) விதவைகளும் ஈஷினும் சேர்ந்து ஆட்சியைக் கைப்பற்றியபோது, ஈ ச்சின்வாங் த்ஸைய்யுவானும் ஜெங் ச்சின்வாங் துவான்ஹுவாவும் இரும்புத் தொப்பிக்காரர்கள். இருவரையும் தாங்களே உயிரை மாய்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு போனது. மரியாதையான சாவு என்று அதற்குப் பெயர். துவான்ஹுவாவின் தம்பி சுஷுன் அவர்கள் கட்சியிலேயே பெரிய மூளை, ஆனால் பட்டத்தில் வெறும் ஜியாங்ஜுன் படி. அவரைச் சந்தையில் நிறுத்தி எல்லோர் முன்னாலும் தலையை வெட்டினார்கள். பட்டங்கள் 1864-ல் அந்தந்த வீட்டின் வேறு கிளைக்குத் திரும்பிப் போயின. மூன்று பேருக்கும் ஒரே சொல் போட்டுவிட்டு, ஒருவருக்கு மட்டும் ஏன் வேறு தண்டனை என்று பார்ப்பவரை யோசிக்க விடுவது சப்டைட்டில் செய்கிற அநியாயம்.

படி ஏறியவர்களும் உண்டு. மேலே வீடு இழந்த ஈகுவாங்கே சாட்சி: 1850-ல் ஃபூகுவோ ஜியாங்ஜுன், 1852-ல் பெய்ஸே, 1860-ல் பெய்லே, 1884-ல் ஜுன்வாங், 1894-ல் ச்சின்வாங், 1908-ல் இரும்புத் தொப்பி. ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒரு மனுஷன் ஏறிய ஏணி. தமிழ் வரியில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை 'இளவரசர்'.

உறவுமுறையில் நிலைமை இன்னும் மோசம். தோங்ஜி பேரரசருக்கு ஈஷின் அப்பாவின் தம்பி. சீனத்தில் 'ஆறாவது சித்தப்பா' என்று தெளிவாகக் கூப்பிடுகிறான் பையன். அப்பாவின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அம்மாவின் சகோதரனுக்கு வேறு சொல் என்று சீனமும் தமிழும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆங்கிலம் மூன்றுக்கும் 'அங்கிள்' என்று போட, தமிழில் 'ஆறாவது மாமா' என்று இறங்குகிறது. மாமன் எப்படி அரசகுலத்துப் பட்டக்காரர் ஆவார்? அவர் பெண் எடுத்த, பெண் கொடுத்த வீடு. பட்டம் சொக்காரர்களுக்குள் (பங்காளிகளுக்குள்)தான் சுற்றும். 'கசின்' என்பது அத்தை மகனாகவோ மாமன் மகனாகவோ தமிழில் வந்துவிடுகிறது. அது பெரும்பாலும் பெரியப்பா, சித்தப்பா மக்கள், சீனத்திலும் நம் வழக்கப்படியே அண்ணன் தம்பி முறை. சொக்காரன் என்ற ஒரு சொல் போதும், தாமிரபரணிக் கரையில் யாருக்கும் கதை விளங்கிவிடும்.

குவாங்ஷு பேரரசர் விஷயத்தில் இது உச்சம். அவர் அப்பா ஈஷுவான், ஷியான்ஃபெங்கின் தம்பி. அம்மா, த்ஸிஷி அம்மையாரின் தங்கை. த்ஸிஷி ஷியான்ஃபெங்கின் மனைவிகளில் ஒருவர். அப்பா வழியில் பார்த்தால் பெரியப்பாவின் மனைவி, அம்மா வழியில் பார்த்தால் அம்மாவின் அக்கா. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்: பெரியம்மா. இவ்வளவு கச்சிதமாகத் தமிழுக்குள் உட்காருகிற உறவை 'அத்தை' என்று போட்டால், த்ஸிஷி வேறு குலத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் ஆகிவிடுகிறார். 1875-ல் அந்தப் பையனை ஷியான்ஃபெங்குக்குச் சுவீகாரம் கொடுத்துத்தான் பட்டம் கட்டினார்கள். அன்றிலிருந்து பெற்ற அப்பா ஈஷுவான் முறைப்படி சித்தப்பா. மகன் முன்னால் அப்பா மண்டி போடுவதில் உள்ள வலி, சுவீகாரம் தெரிந்த நம் வீடுகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சப்டைட்டில் ஒரு சொல் சரியாகப் போட்டால் போதும்.

பெயர்களுக்கு வருவோம். ச்சின்வாங், ஜுன்வாங் இரண்டு படிக்கு மட்டும் முன்னால் ஓர் அடைச்சொல் உண்டு: கோங், சுன், லீ என்று. சீன எழுத்தில் வேறுபடுவது ரோமன் எழுத்தில் ஒன்றாகிவிடும். தோதோவின் வழியில் வந்த 'யூ' வேறு, காங்ஷியின் அண்ணன் ஃபூச்சுவானுக்குக் கொடுத்த 'யூ' வேறு. தோர்கோனின் 'ரூயி' வேறு, மியான்ஷின்னின் 'ரூயி' வேறு. ஈகுவாங்கின் 'ச்சிங்' பட்டத்துக்கும் ச்சிங் வமிசத்துக்கும் எழுத்தில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தமிழ் வரியோ 'குயிங் இளவரசர்' என்று பொதுவாகச் சொல்லி, யாரைச் சொல்கிறது என்றே தெரியாமல் செய்கிறது. (க்யூ எழுத்தைக் 'கு' என்று வாசிப்பது இந்தச் சேவையின் தீராத வியாதி. ச்ச என்று ஒலிக்க வேண்டும். எக்ஸ் எழுத்து ஷ.)

பட்டம் பரம்பரையாக வருவதால் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் வருவார்கள். 'இளவரசர் சுன்' 1891-ல் இறந்துவிடுவார். 1908-ல் இளவரசர் சுன் ஆட்சிப் பொறுப்பேற்பார். முன்னவர் ஈஷுவான், பின்னவர் அவர் மகன் த்ஸைஃபெங், கடைசிப் பேரரசர் பூயியின் அப்பா. எட்டப்பன் என்பது பரம்பரைப் பட்டம் என்பதை மறந்து, ஒருத்தர் செய்ததற்குப் பல தலைமுறையைத் திட்டுகிற பழக்கம் உள்ள ஊர்க்காரர்கள் நாம். இந்தக் குழப்பத்தின் ஆழம் நமக்குத் தெரியும். கூடவே இயற்பெயரையும் போட்டால் தீர்ந்தது. அந்தப் பெயரின் முதல் அசை தலைமுறையைக் காட்டிக் கொடுக்கும்: காங்ஷியின் மகன்கள் யின், பேரன்கள் ஹோங், பிறகு யோங், மியான், ஈ, த்ஸை, பூ. 'த்ஸை' என்று தொடங்குகிறவர் 'ஈ' என்று தொடங்குகிறவருக்கு மகன் முறை. யோங்ஜெங் பட்டத்துக்கு வந்ததும் தன் பெயரின் அசை மற்றவர்களுக்கு ஆகாதென்று சகோதரர்களின் 'யின்' எல்லாம் 'யுன்' ஆகும். புது ஆள் வந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்புக்கே பழியெல்லாம் போட முடியாது. 1894-ல் த்ஸைஈ என்பவருக்கு ரூயி ஜுன்வாங் என்று வரவேண்டிய பட்டம், உத்தரவு எழுதியதில் நேர்ந்த பிழையால் 'துவான்' என்று வந்துவிட்டது. பேரரசரின் உத்தரவைத் திருத்துவது யார்? துவான் ஜுன்வாங் என்றே நிலைத்துவிட்டார். கிரையப் பத்திரத்தில் பெயர் தப்பாக ஏறியவர்கள் ஆறுதல் அடையலாம்.

வரியை நம்ப முடியாதபோது துணியைப் பாருங்கள். கருநீல மேலங்கியில் இருக்கும் வட்டங்கள் பொய் சொல்வதில்லை. நாலு வட்டம் (நெஞ்சு, முதுகு, இரண்டு தோள்), ஐந்து நகமுள்ள டிராகன், நெஞ்சிலும் முதுகிலும் நம்மை நேராகப் பார்க்கிறது என்றால் ச்சின்வாங். நாலும் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் ஜுன்வாங். நெஞ்சிலும் முதுகிலுமாக இரண்டே வட்டம், நாலு நகம், நேர்ப்பார்வை என்றால் பெய்லே. அதே இரண்டு, பக்கவாட்டில் என்றால் பெய்ஸே. வட்டம் போய்ச் சதுரம் வந்தால் கோங். அரசவைத் தொப்பியின் உச்சியில் மாணிக்கத்துக்குக் கீழே பதித்த முத்துகள்: ச்சின்வாங்குக்கு 10, ஜுன்வாங்குக்கு 8, பெய்லே 7, பெய்ஸே 6, கோங்குகளுக்கு 5, 4. போன் திரையில் முத்து எண்ண முடியாது. நகத்தையும் பார்ப்பது கஷ்டம். வட்டத்தின் எண்ணிக்கையும் முகம் திரும்பிய திசையும் தெளிவாகத் தெரியும். மயிலிறகை நம்பி ஏமாற வேண்டாம். மூன்று கண் இறகு பெய்ஸேக்கு, இரண்டு கண் கோங்குக்கு. பழைய விதிப்படி பெய்லேயும் அதற்கு மேலே உள்ளவர்களும் இறகே குத்துவதில்லை. இறகில்லாதவர் சின்ன ஆள் என்று நினைத்தால் தலைகீழாகிவிடும். இடுப்பில் மஞ்சள் கச்சை என்றால், வமிசத்துக்கு அடித்தளம் போட்ட நூர்ஹாசியின் அப்பா தாக்ஸி வழி நேர் வமிசம். சிவப்பு என்றால் பக்கக் கிளை. செலவைச் சுருக்கிய தொடர்களில் எல்லோருக்கும் ஒரே அங்கிதான், அங்கே இந்த வழியும் அடைபடும்.

பேச்சு மரியாதையைப் பற்றிச் சுருக்கமாக. மஞ்சு அதிகாரி பேரரசரிடம் தன்னை 'அடிமை' என்பார், ஹான் (சீன இனத்து) அதிகாரி 'அமைச்சன்' என்பார். தமிழ் வரியில் இருவரும் 'நான்'. முன்னவருக்கு 'அடியேன்' என்று கையில் வெண்ணெய் இருக்கிறது. ச்சின்வாங், ஜுன்வாங்குகளை 'வாங்யே' என்று கூப்பிடுவது 'உங்கள் உயர்நிலையே' என்று வருகிறது. 'எசமான்' என்றோ 'மகாராஜா' என்றோ போட்டால் சிவகிரியில் இருந்தாலும் புரியும். மஞ்சுப் படைப்பிரிவுகள் எட்டும் 'எட்டு பேனர்கள்' ஆகிவிட்டன. வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் கட்டிய ஃப்ளெக்ஸ்தான் கண் முன்னால் வருகிறது. 'எண்கொடிப் படை' போதும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு திருத்திப் பார்க்க நினைப்பவர்களுக்கு: தமிழ் வரிகள் எஸ்ஆர்டி கோப்பாகக் கையில் இருந்தால் சாதாரண நோட்பேடில் திறக்கலாம். வரிசை எண், நேரம், வசனம் என்று அடுக்கடுக்காக இருக்கும். எண்ணையும் நேரத்தையும் தொட வேண்டாம். நேர வரியில் ஒரு காற்புள்ளி போனாலும் அந்த வசனம் திரையில் வராமல் போகலாம்.

மாற்றுவதில் வரிசை முக்கியம். முதலில் 'பட்டத்து இளவரசர' என்பதைத் தேடி '@@' என்று ஒதுக்கி வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் கடைசியில் 'பட்டத்து பட்டத்தார்' என்று நிற்கும். அடுத்து 'நான்காவது இளவரசர' மாதிரி எண்ணோடு வருபவை. அவை பேரரசரின் மகன்கள், 'நாலாவது துரையார' என்று மாற்றுங்கள். அதன் பிறகு மிச்சம் உள்ள 'இளவரசர' எல்லாவற்றையும் 'பட்டத்தார' ஆக்குங்கள். கடைசியாக '@@' இருந்த இடத்தில் பழைய சொல்லைத் திரும்ப வையுங்கள்.

கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்காமல் ஏன் தேடச் சொல்கிறோம் என்றால், 'இளவரசர்' என்று புள்ளியோடு தேடினால் 'இளவரசருக்கு', 'இளவரசரின்', 'இளவரசரை' எதுவும் சிக்காது. வேற்றுமை உருபு சேரும்போது புள்ளி போய்விடுகிறது. வெறும் 'ர' வரை தேடினால் எல்லாம் சிக்கும். மாற்றுச் சொல்லும் அதே 'ர'-வில் முடிவதால் உருபுகள் தாமாக ஒட்டிக்கொள்ளும்: பட்டத்தாருக்கு, துரையாரின். 'ஆகே' என்று போட்டுப் பார்த்தால் உருபின் குறி ஒட்ட இடமில்லாமல் எழுத்து சிதைந்து நிற்கும், அதனால்தான் துரையார். எழுத்தை அசையாகச் சேர்த்துப் பார்க்கிற சில ஆவண மென்பொருள்களில் இந்த 'ர' வித்தை பலிக்காது. நோட்பேடு போன்ற எளிய திருத்தியே உத்தமம். 'இளவரசே' என்ற விளி தனியாக நிற்கும். அதை 'எசமான்' ஆக்கிவிடுங்கள்.

'மாமா'வை மொத்தமாக மாற்றவே கூடாது. உண்மையான தாய்மாமன்களும் கதையில் உண்டு, அவர்களும் சித்தப்பா ஆகிவிடுவார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்; ஒரு பகுதிக்கு இதற்கே அரைமணி நேரம் பிடிக்கும். பட்டத்தின் படி என்ன என்பதையும் முதல் அறிமுகத்தில் ஒரு தடவை சேர்த்தால் போதும், 'கோங் பட்டத்தார், முதற்படி' என்று. ஒவ்வொரு வரியிலும் போட்டால் வசனம் மூன்று வரிக்கு நீண்டு முகத்தை மறைக்கும்.

பெண்களின் பட்டங்களை இதே வழியில் செய்ய முடியாது. பேரரசியின் மகள் குலுன் கோங்ஜு, மற்ற மனைவியரின் மகள் ஹோஷோ கோங்ஜு, ச்சின்வாங்கின் மகள் ஜுன்ஜு, ஜுன்வாங்கின் மகள் ஷியான்ஜு. எல்லோரும் 'இளவரசி' என்று வருவதால் எந்தச் சொல்லைத் தேடினாலும் பிரியாது. இங்கே ஆங்கில வரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பா யார் என்று பார்த்து, 'பேரரசர் மகள்', 'கோங் வீட்டு மகள்' என்று கையால் எழுதுவதுதான் வழி. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் அத்தனை உழைப்பும் கேள்விக்குறி வரிசையாகத் திரையில் ஓடும்.